உங்கள் பதிவு வேறு தளத்தில் கிடக்கிறதா? அறிகுறி வாரியாக என்ன செய்வது

ஈரோட்டுப் பக்கம் சின்னச் சின்ன வியாபாரிகளுக்கும் எழுதுகிறவர்களுக்கும் இணையதளம் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பதுதான் என் சோலி. தளம் திறக்கவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வருகிற போன்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இதுதான்: "ஏனுங்க, நம்ம பதிவ எவனோ அப்படியே எடுத்து அவன் சைட்டுல போட்டிருக்கானுங்க, என்னங்க பண்றது?" போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள், அப்புறம் உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில் வரும், காசும் நேரமும் தின்கிற வழி கடைசியில் வரும்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். திருடனைத் தேடி அலைவது பெரும்பாலும் வீண் வேலை, ஏனென்றால் அவனுக்குப் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது, அனுப்பும் மெயிலுக்குப் பதிலும் வராது. ஆனால் அவனுக்கு இடம் வாடகைக்கு விட்ட சர்வர் கம்பெனி, தேடலில் அவனைக் காட்டுகிற கூகுள், அவன் பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு தருகிற நிறுவனம், இந்த மூன்று பேருக்கும் முகவரி உண்டு, புகார்ப் படிவம் உண்டு, சட்டத்துக்குப் பயப்பட வேண்டிய கட்டாயமும் உண்டு. நாம் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கோபத்தில் அங்கே போய் கமெண்ட் போடாதீர்கள். போட்ட அன்றே பக்கத்தின் தேதியை உங்களுடையதற்கு முந்தையதாக மாற்றிவிடுகிற ஆட்கள் உண்டு, அப்புறம் யார் முதலில் எழுதியது என்று நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். முகவரிப் பட்டை தெரிய வேண்டும், தேதி நேரம் தெரிய வேண்டும், பக்கம் முழுக்க வர வேண்டும். போனில் பாதிப் பக்கத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எதற்கும் ஆகாது. அடுத்து, இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்துக்குப் போய் அந்தத் திருட்டுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், இலவசம்தான். அவன் நாளைக்கே அழித்தாலும் மூன்றாவது ஆள் ஒருவரிடம் நகல் இருக்கிறது என்று ஆகிவிடும். உங்கள் மூலப் பக்கத்தையும் அதே இடத்தில் சேமியுங்கள்.

மூலம் உங்களுடையதுதான் என்பதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டுரை என்றால் வேர்ட்பிரஸ்ஸிலோ கூகுள் டாக்ஸிலோ பழைய திருத்தங்கள் தேதியோடு இருக்கும். படம் என்றால் கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும், அதனால் "குரூப்புல இருக்குதுங்க" என்பது ஆதாரம் ஆகாது.

பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியபோதே, படம் எடுத்தபோதே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது கூடுதல் ஆதாரம், அவ்வளவுதான். கட்டுரை, படம் போன்றவற்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். எல்லாப் பதிவுக்கும் அது தேவையில்லை, காசு கொண்டுவருகிற முக்கியமான ஆக்கத்துக்கு வேண்டுமானால் செய்து வையுங்கள்.

## அறிகுறி 1: கட்டுரை வரிக்கு வரி அப்படியே இருக்கிறது

இதுதான் அதிகம் வருவது. சமையல் குறிப்பு எழுதுகிற அம்மிணி ஒருவரின் அரிசிம்பருப்பு பதிவை ஒரு தளம் தூக்கியிருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அட்மின்" என்று இருக்கிறது, கீழே "எங்க அமுச்சி சின்ன வெங்காயத்தைத் தட்டித்தான் போடுவாங்க" என்ற வரி அப்படியே இருக்கிறது (அமுச்சி என்றால் எங்கள் பக்கம் பாட்டி). அட்மினுக்கு ஏது அமுச்சி! சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இப்படி வீட்டு ஆள், ஊர்ப்பெயர், சொந்த அனுபவம் கலந்த வரிகள்தான் புகாரில் உங்களுக்குக் கைகொடுக்கும். அவற்றைத் தனியாக எடுத்துக் குறித்து வையுங்கள்.

பதிவு போட்ட சில நிமிடங்களிலேயே அங்கே வந்துவிடுகிறதா? அப்படியானால் மனிதன் யாரும் உட்கார்ந்து காப்பி அடிக்கவில்லை, உங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை (புதுப் பதிவுகள் தானாக வெளியே போகிற வழி) ஒரு நிரல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உங்கள் எழுத்துப்பிழைகள் கூட மாறாமல் இருக்கும், கட்டுரைக்குள் நீங்கள் கொடுத்த இணைப்புகள் இன்னும் உங்கள் தளத்துக்கே வரும். வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்துக்குப் போய், ஓடையில் முழுப் பதிவு போவதை மாற்றிச் சுருக்கம் மட்டும் போகும்படி வையுங்கள். பிளாகர் என்றால் சைட் ஃபீட் என்ற இடத்தில் ஷார்ட் என்று மாற்ற வேண்டும். மாற்றிய பின் ஒரு சின்னப் பதிவு போட்டுப் பாருங்கள், அங்கே நாலு வரி மட்டும் வந்து நின்றால் கோளாறு அதுதான். பழைய பதிவுகள் அங்கேயே இருக்கும், அவற்றுக்குக் கீழே சொல்லும் வழி.

ஒவ்வொரு பதிவிலும் உங்கள் பழைய பதிவுகளுக்கு இரண்டு மூன்று இணைப்பு வைக்கிற பழக்கம் நல்லது. திருட்டுத் தளத்திலிருந்தும் வாசகர் உங்களிடம் வந்து சேருவார், அங்கிருந்து வருகிற இணைப்புகளை வைத்தே திருட்டையும் கண்டுபிடிக்கலாம்.

ஆள் யார் என்று தெரிகிறதா, மெயில் முகவரி இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு மெயில் போதும். நம்மூர் ஆட்கள் பாதிப் பேர் தப்பு என்று தெரியாமலேயே செய்கிறார்கள், "நல்லா இருந்துச்சுங்க, அதான் போட்டேன்" என்பார்கள். மிரட்ட வேண்டாம், இவ்வளவு எழுதினால் போதும்:

"வணக்கம். உங்கள் தளத்தில் இந்த முகவரியில் உள்ள கட்டுரை நான் எழுதி இந்தத் தேதியில் என் தளத்தில் வெளியிட்டது. மறுவெளியீட்டுக்கு நான் அனுமதி தரவில்லை. ஏழு நாளுக்குள் நீக்கிவிட்டுத் தெரிவியுங்கள். முதல் பத்தியை மட்டும் வைத்து என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதானால் எனக்குச் சம்மதம்."

கடைசி வரி உங்கள் இஷ்டம். நான் சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் பலர் அந்த வழியைத்தான் எடுக்கிறார்கள், நமக்கும் ஒரு இணைப்பு மிச்சம்.

பதில் இல்லையா, அல்லது ஆளே தெரியவில்லையா? சர்வர் கம்பெனிக்குப் போங்கள். டொமைன், அதாவது தளப் பெயர், யாருடையது என்று காட்டுகிற ஹூஇஸ் தேடலில் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டால் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டொமைனை விற்ற நிறுவனத்தின் புகார் மெயிலும், நேம்சர்வர் பெயரும் தெரியும். தளத்தின் ஐபி எண்ணை (இணையத்தில் அந்தச் சர்வரின் முகவரி எண்) எடுத்து அந்த எண் யாருடையது என்று தேடினால் சர்வர் கம்பெனி தெரிந்துவிடும். அங்கே கிளவுட்ஃப்ளேர் என்று வந்தால் அது முன்னால் நிற்கிற திரை மட்டும், பின்னால் வேறு சர்வர் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேரின் புகார்ப் படிவத்தில் பதிப்புரிமை என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பின்னால் இருக்கிற கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அது யார் என்று உங்களுக்கும் பெரும்பாலும் சொல்வார்கள்.

சர்வர் அமெரிக்காவில் என்றால் டிஎம்சிஏ என்கிற 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நோட்டீஸ். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் மூலப் பக்கத்தின் முகவரி, திருட்டுப் பக்கத்தின் முகவரி, உங்கள் பெயரும் தொடர்பும், அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு வாக்கியம், சொன்னது சரி, புகார் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்லும் ஒரு வாக்கியம், கையொப்பம். பெயரைத் தட்டச்சு செய்தாலே கையொப்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. இதற்குக் காசு கேட்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன, அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான்.

இந்தியச் சர்வர் என்றால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவும் 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதியும். புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும், அது 21 நாள் வரை. ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவு கொண்டுவருவேன் என்று புகாரிலேயே நீங்கள் உறுதி எழுதித் தர வேண்டும், கொண்டுவராவிட்டால் அவர்கள் பக்கத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். அதனால் சமையல் குறிப்பு மாதிரிச் சின்ன விஷயத்துக்கு இந்த வழியில் இறங்குமுன் யோசியுங்கள். அந்த நிறுவனத்தின் சொந்த விதிகளிலேயே "அடுத்தவர் ஆக்கத்தைப் போடக் கூடாது" என்று இருக்கும், அதைச் சுட்டிக்காட்டி அவர்களின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த அலுவலர் 24 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, விதிகள் சொல்லும் கெடுவுக்குள் தீர்க்க வேண்டும்.

இரண்டுக்கும் அசையாத சர்வர்களும் உண்டு. அப்போது அறிகுறி 3க்குப் போங்கள்.

## அறிகுறி 2: படம் மட்டும் போயிருக்கிறது

முதலில் ஒரு சோதனை. திருட்டுப் பக்கத்தில் உங்கள் படத்தின் மேல் வலது கிளிக் செய்து புதிய டேபில் திறந்து, முகவரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் தளத்தின் பெயரே இருக்கிறதா? அவன் படத்தைக் காப்பி கூடச் செய்யவில்லை, உங்கள் சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டுகிறான், அங்கே பத்தாயிரம் பேர் பார்த்தால் உங்கள் டேட்டா செலவாகும். உங்கள் சர்வரை நிர்வகிக்கிற சி-பேனல் பக்கத்தில் ஹாட்லிங்க் பாதுகாப்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, கிளவுட்ஃப்ளேரிலும் அதே பெயரில் உண்டு. போட்டுவிட்டால் அங்கே படம் உடைந்த கட்டமாகத் தெரியும். போடும்போது கூகுளையும் பேஸ்புக்கையும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் நீங்களே பகிரும்போதும் படம் வராது. கோபத்தில் அந்த இடத்தில் அசிங்கமான படம் ஒன்றை மாற்றி வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம், அந்தப் படம் உங்கள் சர்வரிலிருந்து போகிறது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வேறு பெயர் இருக்கிறதா? படத்தை இறக்கி ஏற்றியிருக்கிறான். கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் அந்தப் படத்தைப் போட்டுத் தேடுங்கள், ஒரு இடத்தில் இருந்தால் இன்னும் நாலு இடத்தில் இருக்கும். பட்டியல் எடுத்துக்கொண்டு அறிகுறி 1இன் சர்வர் வழிக்குப் போங்கள்.

விற்பனைத் தளத்தில் வேறு கடைக்காரர் உங்கள் படத்தைப் போட்டு விற்கிறாரா? நம் பக்கத்தில் இது ரொம்ப அதிகம். பவானி ஜமக்காளம் நெய்து விற்கிற ஒருவர் திண்ணையில் விரித்து எடுத்த படம், ஓரத்தில் அவர் வீட்டு சிமெண்டுத் தரையின் விரிசல் கூடத் தெரிகிறது, அதே விரிசலோடு வேறு மாநிலக் கடை ஒன்றின் பக்கத்தில் பாதி விலைக்கு. வாங்கியவருக்கு வந்தது விசைத்தறித் துணி. இங்கே போய் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டுப் பயனில்லை. எல்லாப் பெரிய விற்பனைத் தளத்திலும் அறிவுசார் சொத்துப் புகார் என்று தனிப் படிவம் இருக்கிறது, அதில்தான் கொடுக்க வேண்டும். அசல் கோப்பு, அதே திண்ணையில் எடுத்த வேறு கோணப் படங்கள் இரண்டு, இவற்றை இணைத்தால் வாக்குவாதமே இருக்காது. ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அது துணியின் பெயருக்கான பாதுகாப்பு. படத்துக்கு அதைக் காட்டிப் புகார் கொடுத்தால் குழப்பம்தான். படம் ஒரு புகார், போலிப் பெயர் இன்னொரு புகார் என்று பிரித்துக் கொடுங்கள்.

படத்தில் இன்னொரு சிக்கல், நிஜமாகவே அது உங்களுடையதுதானா என்பது. ஸ்டுடியோக்காரருக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். ஆனால் ஸ்டுடியோக்காரர் தானாகப் போய்க் கண்ணபுரம் சந்தையில் எடுத்த காங்கேயம் காளைப் படத்தை நீங்கள் கேட்டு வாங்கிப் போட்டிருந்தால் உரிமை அவருடையது, புகாரும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

வாட்டர்மார்க் போடலாமா என்றால், போடலாம், ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், பொருளின் மேலேயே மெலிதாக வர வேண்டும். வலது கிளிக்கை முடக்குகிற நிரல்களைப் போடவே போடாதீர்கள். திருடனை அது ஒரு நொடி கூட நிறுத்தாது, உங்கள் போன் நம்பரைக் காப்பி செய்யப் பார்க்கிற வாடிக்கையாளர்தான் கடுப்பாவார்.

## அறிகுறி 3: தேடினால் திருட்டுப் பக்கம் மேலே, உங்களுடையது கீழே

கட்டுரையில் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடுங்கள். தலைப்பை வைத்துத் தேடாதீர்கள், அது பத்துப் பேர் வைத்திருப்பார்கள்.

உங்கள் பக்கம் வரவே இல்லையா? அப்போது கோளாறு திருடனிடம் இல்லை, உங்கள் தளத்தில். வேர்ட்பிரஸ்ஸில் அதே ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, தளம் கட்டும்போது டிக் செய்தவர் எடுக்க மறந்திருப்பார். பிளாகரில் பிரைவசி பகுதியில் இதே மாதிரி ஒன்று உண்டு. அதுவும் சரியாக இருந்தால் தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கிற சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டுச் சோதியுங்கள், ஏன் சேர்க்கவில்லை என்று அதுவே சொல்லும். மூலப் பக்கம் எது என்று சொல்கிற கனானிக்கல் என்கிற முகவரிக் குறிப்பு வேறு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும்.

வருகிறது, ஆனால் கீழே வருகிறதா? கூகுளின் சட்டப்படி நீக்கக் கோரும் படிவத்துக்குப் போய், கூகுள் தேடல், பதிப்புரிமை என்று தேர்ந்தெடுங்கள். தளம் முழுவதையும் நீக்கு என்று எழுதினால் நடக்காது, ஒவ்வொரு திருட்டுப் பக்கத்துக்கும் முகவரி, அதற்கு நேரான உங்கள் மூல முகவரி என்று ஜோடி ஜோடியாகக் கொடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நான் பார்த்ததில் இதைவிடப் பலன் தருகிற இலவச வழி வேறு இல்லை. பக்கம் அங்கேயேதான் இருக்கும், தேடலில் மட்டும் மறைந்துவிடும். தேடலில் வராத திருட்டுத் தளத்துக்கு ஆள் வருவது நின்றுவிடும், காசும் நின்றுவிடும். போதாததற்கு, நிறைய நியாயமான புகார் வாங்கிய தளங்களைக் கூகுள் 2012இலிருந்தே தேடலில் கீழே தள்ளுகிறது, அதனால் உங்களைப் போலவே பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பிங் தேடுபொறிக்குத் தனிப் படிவம்.

ஒரு எச்சரிக்கை: கூகுளுக்குப் போகிற புகாரின் நகல் லூமன் என்கிற பொதுத் தொகுப்புக்குப் போகும். உங்கள் பெயர் அதில் தெரியலாம். புனைபெயரில் எழுதுகிறவர்கள் இதை யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

## அறிகுறி 4: தளம் முழுவதும் வேறு பெயரில் அப்படியே ஓடுகிறது

முதலில் ஒரே கேள்வி: அந்தப் போலித் தளத்தில் போன் நம்பர், யுபிஐ, வங்கிக் கணக்கு மாறியிருக்கிறதா? ஆமாம் என்றால் மேலே சொன்ன பொறுமையெல்லாம் கிடையாது. இது பதிப்புரிமைப் பிரச்சினை மட்டுமல்ல, உங்கள் பெயரில் நடக்கிற மோசடி. சென்னிமலைப் பெட்ஷீட்டுக்கு முன்பணம் கட்டியவர் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார். அன்றைக்கே தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் கொடுங்கள். பணம் கட்டி ஏமாந்தவர் யாராவது தெரிந்தால் அவரை உடனே 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், அது தாமதமாகத் தாமதமாகப் பணம் திரும்பும் வாய்ப்புக் குறையும். கூகுளின் சேஃப் பிரவுசிங் பக்கத்தில் ஏமாற்றுத் தளம் என்று தெரிவித்தால், ஏற்றுக்கொண்ட பின் உலாவியே சிவப்புத் திரை காட்டித் தடுக்கும். டொமைன் விற்றவருக்கும் சர்வர் கம்பெனிக்கும் பதிப்புரிமை என்று எழுதாமல் மோசடி என்று எழுதுங்கள், அதற்குத்தான் வெரசாக நடவடிக்கை வரும். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் தளத்தின் முகப்பிலும் சரியான நம்பரைப் பெரிதாகப் போடுங்கள்.

பணம் சம்பந்தம் இல்லை என்றால் நிதானமாகச் சோதிக்கலாம். உங்கள் பக்கம் ஒன்றில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு அங்கே போய்ப் பாருங்கள்.

மாறவில்லையா? ஒருமுறை எடுத்து வைத்த நகல். அறிகுறி 1, அறிகுறி 3 இரண்டையும் செய்யுங்கள்.

அங்கேயும் உடனே மாறிவிட்டதா? இரண்டில் ஒன்று. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். ஐஃப்ரேம் என்று ஒரு வரியும் அதற்குள் உங்கள் முகவரியும் இருந்தால், உங்கள் தளத்தையே அவன் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் வைத்துக் காட்டுகிறான். உங்கள் சர்வரில் எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் என்கிற அமைப்பை (ஹெடர்) சேம்ஆரிஜின் என்று வைத்தால் போதும், அன்றைக்கே அவன் பக்கம் வெறுமையாகிவிடும். தளம் கட்டித் தந்தவரிடம் சொன்னால் கைவேலைதான்.

ஐஃப்ரேம் இல்லை என்றால், யாராவது அங்கே வரும்போதெல்லாம் அவன் சர்வர் உங்கள் தளத்துக்கு வந்து பக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதைப் பிடிக்க நான் செய்வது இது: அவன் தளப் பெயருக்குப் பின்னால் யாரும் தட்டாத ஒரு கோமாளித்தனமான பக்கப் பெயரைப் போட்டுத் திறப்பேன், மஞ்சமூட்டை999 என்கிற மாதிரி. பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். அப்புறம் என் சர்வரின் ஆக்சஸ் லாகை, அதாவது யார் எந்தப் பக்கத்தைக் கேட்டு வந்தார்கள் என்கிற பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினால், அதைக் கேட்டு வந்த ஐபி எண் அங்கே இருக்கும். அதுதான் அவன் சர்வர். சி-பேனலில் அந்த ஐபியைத் தடுத்தால் அவன் தளம் அப்போதே படுத்துவிடும். ஐபி மாற்றிக்கொண்டு வருவான், திரும்பவும் இதையே செய்ய வேண்டும், ஒரு கட்டத்தில் அவனுக்கே அலுத்துவிடும். பலருடைய தளங்கள் ஒன்றாக இருக்கிற பகிர்வுச் சர்வரில் லாக் பார்க்கத் தெரியாவிட்டால் இங்கே ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஏடாகூடமாக எதையாவது தடுத்துவிட்டால் உங்கள் வாசகர்களே உள்ளே வர முடியாது.

டொமைன் பெயரே உங்கள் கடைப்பெயரை ஒட்டி இருக்கிறதா, உங்களிடம் வணிகமுத்திரைப் பதிவு இருக்கிறதா? அப்போது பெயரையே பறிக்க வழி உண்டு. டாட் இன் பெயருக்கு நம் நாட்டு விதிகள்படி நடுவர் முறை இருக்கிறது. டாட் காமுக்கு, ஐநாவின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் போனால் ஒரு நடுவருக்கான கட்டணமே 1500 டாலர். வியாபாரம் அதைத் தாங்கினால் மட்டும், வக்கீல் வைத்து.

## அறிகுறி 5: உங்கள் வீடியோ வேறு சேனலில்

யூடியூப் என்றால் அவர்களின் பதிப்புரிமைப் படிவத்தில் கொடுங்கள். உடனே நீக்கு என்றும் கொடுக்கலாம், ஏழு நாள் அவகாசம் வைத்தும் கொடுக்கலாம். அவகாசத்துக்குள் அவரே எடுத்துவிட்டால் அவருக்கு ஸ்டிரைக் (சேனலுக்கு எதிரான எச்சரிக்கைக் குறி) விழாது, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். தெரிந்த ஊர்க்காரப் பையன் அந்தியூர்க் குதிரைச் சந்தை வீடியோவை எடுத்துப் போட்டிருந்தால் அவகாசம் கொடுங்கள், மறுபதிவேற்றமே பிழைப்பாக வைத்திருக்கிற சேனல் என்றால் கொடுக்க வேண்டாம். புகார் ஏற்கப்பட்டு வீடியோ நீங்கினால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும், அதுவும் கணக்கில் இருக்கட்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதே மாதிரிப் படிவங்கள்தான். வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுவதை விட்டுவிடுங்கள், அதைத் துரத்தினால் வேறு வேலை ஓடாது.

## அறிகுறி 6: வரிகள் வேறு, சரக்கு நம்முடையது

இதில் பாதி விஷயத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. தகவலுக்கும் யோசனைக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். ஈரோடு மஞ்சள் ஏல விலையை நீங்கள் தினமும் மெனக்கெட்டு வாங்கிப் போடுகிறீர்கள், இன்னொருவர் அதைப் பார்த்து அந்த எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறார் என்றால் எரிச்சல் நியாயம், புகார் நிற்காது. ஒப்புட்டுக்கு எவ்வளவு பருப்பு எவ்வளவு வெல்லம் என்பது யாருடைய சொத்தும் இல்லை.

ஆனால் உங்கள் கட்டுரையை அப்படியே ஆங்கிலத்துக்கோ மலையாளத்துக்கோ மொழிபெயர்த்துப் போட்டால் கதை வேறு. மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையும் பத்தி பத்தியாக ஒரு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசையும் உதாரணங்களும் ஒத்துப்போவதைக் காட்டிப் புகார் கொடுங்கள். ஏஐ வைத்துச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுகிற தளங்களுக்கும் இந்த அட்டவணைதான் ஆயுதம். பத்தி வரிசை கூட ஒத்துப்போகவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த பதிவை எழுதப் போங்கள்.

ஏஐ நிறுவனங்களின் நிரல்கள் வந்து வாசித்துப் போவதைத் தடுக்க, தளத்துக்கு வருகிற நிரல்களுக்கு விதி சொல்கிற ரோபோட்ஸ் கோப்பில் ஜிபிடிபாட், சிசிபாட் போன்ற பெயர்களைத் தடை செய்யலாம். சொன்னால் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கோப்பு, திருட்டு நிரல் அதைத் திறந்தே பார்க்காது.

## அறிகுறி 7: திருடியது நீங்கள்தான் என்று உங்களுக்கே புகார் வருகிறது

மெயிலில் "ஆதாரம் இங்கே" என்று இணைப்போ கோப்போ இருக்கிறதா? தொடாதீர்கள். பதிப்புரிமைப் பயம் காட்டி வைரஸ் ஏற்றுகிற பழைய வித்தை அது. உண்மையான புகாரில் உங்கள் எந்தப் பக்கம், அவருடைய எந்த ஆக்கம் என்று மெயிலிலேயே எழுதியிருக்கும்.

சர்வர் கம்பெனியிடமிருந்தோ கூகுளிடமிருந்தோ வந்திருக்கிறதா? மெயிலில் இருக்கிற இணைப்பை அழுத்தாமல், உங்கள் கணக்கில் நேராக நுழைந்து அங்கே அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்மை. உங்கள் கட்டுரையைத் திருடி, தேதியை உங்களுடையதற்கு முந்தையதாக மாற்றி வைத்து, உங்கள் மேலேயே புகார் கொடுக்கிற கில்லாடிகள் உண்டு. வேபேக் நகல் இங்கேதான் உதவும். எதிர் நோட்டீஸ் கொடுங்கள். அமெரிக்க முறையில் அதைக் கொடுத்த பின் புகார் கொடுத்தவர் வழக்குப் போட வேண்டும், போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் உங்கள் பக்கம் திரும்பி வரும். ஆனால் எதிர் நோட்டீஸில் உங்கள் முகவரியைக் கொடுத்து, அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்குச் சம்மதம் என்றும் எழுத வேண்டியிருக்கும். அது முக்கியமான பக்கம் என்றால் அனுப்புமுன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

## அறிகுறி 8: எடுத்த மறுவாரம் வேறு பெயரில் திரும்பி வருகிறது

பக்கம் பக்கமாகத் துரத்துவதை நிறுத்திவிட்டு விளம்பரத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்து விளம்பரத்தின் ஓரத்தில் சின்னக் குறி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எந்த நிறுவனம் என்று தெரியும். கூகுள் விளம்பரம் என்றால் அவர்களின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸுக்குத் தனியாகப் பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம். தளம் பெயர் மாறினாலும் விளம்பரக் கணக்கு எண் பெரும்பாலும் மாறாது, மூல நிரலில் அந்த எண் இருக்கும், பழைய தளத்தின் நகலோடு ஒப்பிட்டு "இருவரும் ஒருவரே" என்று எழுதுங்கள். உங்கள் கட்டுரைகளிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு கூகுள் அலர்ட் போட்டு வைத்தால் அடுத்த முறை தானாகத் தெரியவரும்.

## எப்போது வக்கீலிடம் போவது

ஆள் யார் என்று தெரிந்து, அவர் இந்தியாவில் இருந்து, உங்களுக்கு உண்மையில் பண நட்டம் ஆகியிருந்தால். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் இலவசப் படிவங்களோடு நின்றுகொள்ளச் சொல்வேன். போட்டிக் கடைக்காரர் உங்கள் முழு கேட்லாக்கையும் எடுத்துத் தொழில் செய்கிறார் என்றால் போகலாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 62ஆவது பிரிவு இருப்பதால் எதிராளி இருக்கிற டெல்லிக்கோ மும்பைக்கோ அலையாமல், நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் நடத்துகிற ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி இருக்கிறது. தெரிந்தே செய்த திருட்டுக்கு 63ஆவது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி நீங்களே வாட்ஸ்அப்பில் மிரட்ட வேண்டாம். ஆதாரமில்லாமல் மிரட்டியவர் மேலேயே வழக்குப் போட 60ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

போகும்போது அசல் கோப்புகள், ஸ்கிரீன்ஷாட்கள், வேபேக் இணைப்புகள், அனுப்பிய மெயில்கள், அவற்றுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எந்த கம்ப்யூட்டரில் எடுத்தது, யார் எடுத்தது என்று அதில் கேட்பார்கள், அதனால் மச்சான் போனில் கொஞ்சம், கடைப் பையன் லேப்டாப்பில் கொஞ்சம் என்று எடுக்காமல் ஒரே ஆள் ஒரே கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.